லினக்ஸ் மிண்ட் டெஸ்க்டாப்பை நம் கண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்றபடி மாற்றுவது: எக்ஸ்எஃப்சிஇ முழு வழிகாட்டி

லினக்ஸ் டெஸ்க்டாப்பை அழகாக்குவது எப்படி என்று இணையத்தில் தேடிப் பாருங்கள், வருகிற படங்களில் முக்கால்வாசி ஒரே அச்சு. கறுப்புப் பின்னணி, பின்னால் இருப்பது மங்கலாகத் தெரிகிற ஜன்னல்கள், கீழே வரிசையாக மிதக்கிற ஐகான்கள், ஓரத்தில் ஊசி எழுத்தில் சிபியு விவரம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதெல்லாம் நிழலான அறையில் பெரிய மானிட்டரில் எடுத்த படம். மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ வாசல் கடலைப் பார்த்திருக்கிற ஒரு ஜெராக்ஸ் கடையில், பகல் பதினோரு மணி வெளிச்சத்தில், ஒரு பழைய மடிக்கணினியில் அதே தோற்றத்தை வைத்துப் பாருங்கள்: ஸ்கிரீனில் வாசலும் தெருவும்தான் தெரியும், எழுத்து தெரியாது.

பாம்பனிலிருந்து தேவிபட்டினம் வரைக்கும் கடைகளுக்கும் மீன் கம்பெனிகளுக்கும் வீடுகளுக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தோற்றத்தை மாற்றுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எழுத்து, அப்புறம் பேனல் (மெனுவும் திறந்த ஜன்னல்களும் தெரிகிற பட்டை), அப்புறம் தீம், ஐகான், கடைசியில்தான் பின்னணிப் படம். பெரும்பாலானவர்கள் படத்தில் ஆரம்பித்து எழுத்துக்கு வராமலே நின்றுவிடுகிறார்கள். நாள் முழுக்கப் பார்க்கப்போவது எழுத்தைத்தானே?

எந்த சிஸ்டத்தில் செய்கிறோம்

இதில் சொல்வது எல்லாம் லினக்ஸ் மிண்ட் 22 வரிசையின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு. அதில் வருவது எக்ஸ்எஃப்சிஇ 4.18. இந்த டெஸ்க்டாப்பை ஒலிவியே ஃபூர்டான் என்பவர் 1996இல் தொடங்கினார், இன்றுவரை கனமில்லாமல் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் பழைய சிஸ்டங்களுக்கு இதையே போடுகிறேன். இரண்டு ஜிபி ரேம் இருந்தால் ஓடும், நான்கு இருந்தால் நிம்மதி. மிண்ட் 22க்கு 2029 வரை அப்டேட் வரும், ஆகவே ஒருமுறை உட்கார்ந்து ஒழுங்காகச் செய்துவிட்டால் சில வருடம் தொடவேண்டியதில்லை.

2011இலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகள் இந்தப் பக்கம் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது, திறந்தவர்கள்தான் குறைவு. அந்த மாதிரி ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தால் தூக்கிப் போடவேண்டாம், ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் இந்த வழிகாட்டிக்கு அதுவே போதும்.

கட்டளை அடிக்கிற டெர்மினல் எதுவும் திறக்கப்போவதில்லை. எல்லாமே மவுஸில்தான்.

தொடும் முன் ஒரு காப்பு

பேனலில் காலி இடமாகப் பார்த்து வலது கிளிக், பேனல், பேனல் பிரிஃபரன்சஸ். அந்தப் பெட்டியில் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் திறந்து இப்போது இருக்கிற பேனலை ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள், "பழசு" என்றே வைத்தாலும் சரி.

அப்புறம் ஃபைல் மேனேஜரில் உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் எல்லாம் வெளியே வரும். அதில் கான்ஃபிக் என்ற ஃபோல்டருக்குள் எக்ஸ்எஃப்சிஇ4 என்று ஒன்று இருக்கும், இந்த டெஸ்க்டாப்பின் அமைப்புகள் பெரும்பாலும் அதற்குள்தான். அதைக் காப்பி எடுத்துப் பென்டிரைவில் வையுங்கள். மிண்ட்டோடு வரும் காப்பு மென்பொருளான டைம்ஷிஃப்ட் ஓடுகிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. டைம்ஷிஃப்ட் சிஸ்டம் ஃபைல்களைத்தான் காப்பாற்றும், அதை மாற்றி வைக்காத வரை உங்கள் ஹோம் ஃபோல்டரைத் தொடாது, நாம் மாற்றப்போவது பெரும்பாலும் ஹோம் ஃபோல்டரில்தான்.

எழுத்து

இங்கேதான் நிதானமாக நேரம் செலவழிக்கவேண்டும்.

மிண்ட்டில் முன்னிருப்பாக வருவது உபுண்டு எழுத்துரு, அளவு பத்து. ஆங்கிலத்துக்கு நல்ல எழுத்துரு. ஆனால் தமிழ் எழுத்து அதில் கிடையாது. ஆகவே தமிழ் வரும் இடத்தில் எல்லாம் சிஸ்டம் தானாக வேறொரு தமிழ் எழுத்துருவைத் தேடி எடுத்து ஒட்டும். அது எது என்பது அந்த சிஸ்டத்தில் என்னென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு சிஸ்டத்தில் தமிழ் பளிச்சென்று தெரிவதும் பக்கத்துக் கடை சிஸ்டத்தில் மெலிந்து இடுங்கித் தெரிவதும் இதனால்தான்.

சாஃப்ட்வேர் மேனேஜரில் நோட்டோ எழுத்துருக்கள் இருக்கிறதா என்று தேடி, இல்லையென்றால் நிறுவிக்கொள்ளுங்கள். அப்புறம் செட்டிங்ஸ், அப்பியரன்ஸ், அதில் ஃபான்ட்ஸ் பகுதி. டிஃபால்ட் ஃபான்ட் என்ற இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்துப் பாருங்கள், ஆங்கிலமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது கண்ணை உறுத்தவில்லை என்றால் அதுவே இருக்கட்டும், உறுத்தினால் நோட்டோ சான்ஸ் வையுங்கள். அளவு பத்து தமிழுக்குப் போதாது. தமிழ் எழுத்து மேலும் கீழும் விரிகிற எழுத்து, கொம்பும் சுழியும் காலும் எல்லாம் அந்தச் சின்ன உயரத்துக்குள் அடங்கவேண்டும். பதினொன்றில் ஆரம்பியுங்கள், நாற்பது வயதைத் தாண்டியவர் உட்காருகிற சிஸ்டம் என்றால் பன்னிரண்டு.

அளவு சரியா என்று எப்படித் தெரியும்? டெஸ்க்டாப்பில் நான்கு ஃபோல்டர் உருவாக்கி இப்படிப் பெயர் வையுங்கள்: கணக்கு, கூட்டுறவு, முன்னூறு, நண்டு. இப்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து படியுங்கள். கூ, னூ, டு ஆகிய மூன்றின் சுழிகளும் தனித்தனியாகத் தெரியவேண்டும், ண-வில் மூன்று சுழி எண்ணமுடியவேண்டும். தங்கச்சிமடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை அக்கா இருக்கிறார், பட்டா விண்ணப்பமும் ஆதார் திருத்தமும் போட்டுக் கொடுப்பவர். "தம்பி, ணுவும் னுவும் எனக்கு ஒண்ணாத் தெரியுது, பேரு தப்பாப் போயிட்டா அவங்க ராமநாதபுரம் வரைக்கும் அலையணும்" என்றார். அவர் சிஸ்டத்தில் அளவைப் பன்னிரண்டு ஆக்கியதைத் தவிர அன்று வேறு எதையும் நான் தொடவில்லை. அந்தக் கடைக்கு அதுதான் அலங்காரம்.

அதே பக்கத்தில் ரெண்டரிங் என்று ஒரு பகுதி. எழுத்தோரத்தை மழமழப்பாக்கும் ஆன்ட்டி-அலியாசிங் டிக் இருக்கட்டும். ஹின்டிங் என்பதை ஸ்லைட்டில் வையுங்கள். ஃபுல் வைத்தால் எழுத்தைக் கட்டத்துக்குள் இழுத்துப் பொருத்தப் பார்க்கும், நேர்கோடுகள் நிறைந்த ஆங்கிலத்துக்கு அது கூர்மை தரலாம், வளைவே உடம்பாக இருக்கிற தமிழ் எழுத்துக்கு அது ஆகாது. சப்பிக்சல் ஆர்டரை ஆர்ஜிபி வைத்துப் பாருங்கள், எழுத்தோரத்தில் சிவப்பும் நீலமுமாகச் சாயம் தெரிந்தால் நன் (None) ஆக்கிவிடுங்கள்.

இன்னொன்று, டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. இயல்பு 96. எழுத்து அளவை மட்டும் கூட்டினால் சில மென்பொருள்கள் அதை மதிக்காது. அப்போது கஸ்டம் டிபிஐ-யை டிக் செய்து 104, 108 என்று மெதுவாகக் கூட்டுங்கள், பெரும்பாலான இடங்களில் எழுத்து சேர்ந்து வளரும். 120க்கு மேல் போனால் 1366க்கு 768 ஸ்கிரீனில் சில பெட்டிகளின் ஓகே பட்டன் கீழே வெளியே போய்விடும். அப்படிப் போனால் ஆல்ட்டை அழுத்திக்கொண்டே பெட்டியை மவுஸால் மேலே இழுக்கலாம். இந்த ஆல்ட் இழுப்பு எந்த ஜன்னலுக்கும் வேலை செய்யும், ஆல்ட்டுடன் வலது பட்டனை அழுத்தி இழுத்தால் அளவு மாறும். கடைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான்.

தமிழ்99 விசைப்பலகை வேண்டுமென்றால் செட்டிங்ஸில் கீபோர்டு, லேஅவுட் பகுதி, யூஸ் சிஸ்டம் டிஃபால்ட்ஸை எடுத்துவிட்டு இந்தியன் பட்டியலுக்குள் தமிழ்நெட் 99 என்பதைச் சேருங்கள். பேனலில் கீபோர்டு லேஅவுட்ஸ் என்ற உருப்படியையும் போட்டு, கொடிப் படத்துக்குப் பதில் எழுத்தாகக் காட்டச் சொல்லுங்கள். எந்த மொழியில் இருக்கிறோம் என்று தெரியாமல் பாஸ்வேர்டு அடித்துத் தவிப்பது அத்தோடு நிற்கும்.

பேனல்

பழைய மடிக்கணினி ஸ்கிரீனில் அகலம் தாராளம், உயரம் பஞ்சம். 768 பிக்சல் உயரத்தில் கீழே பேனல், மேலே டைட்டில் பார், அதற்குக் கீழே பிரவுசரின் இரண்டு வரிசை என்று போனால் விண்ணப்பப் படிவம் தெரிய மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். இதற்கு நல்ல தீர்வு பேனலை இடது ஓரத்துக்கு மாற்றுவது.

பேனல் பிரிஃபரன்சஸ் திறந்து லாக் பேனல் டிக்கை எடுங்கள். மோட் என்ற இடத்தில் டெஸ்க்பார் தேர்ந்தெடுங்கள். வெர்ட்டிக்கல் என்றும் ஒன்று இருக்கும், அது வேண்டாம், அதில் எழுத்தெல்லாம் படுத்துக்கொள்ளும், படுத்த தமிழைக் கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்கவேண்டும். டெஸ்க்பாரில் பேனல் நின்றாலும் எழுத்து நேராகவே இருக்கும். அப்புறம் பேனலின் முனையில் தெரிகிற கைப்பிடியைப் பிடித்து இடது ஓரத்தில் கொண்டுபோய் விட்டு, ரோ சைஸ் 40 பக்கத்தில், லெங்த் நூறு சதவீதம், திரும்ப லாக் பேனலை டிக் செய்யுங்கள். அந்த லாக்கை மறக்காதீர்கள், கடையில் பத்துப் பேர் கை வைக்கிற சிஸ்டத்தில் பேனல் தன் இடத்தில் இருப்பது அதனால்தான்.

ஆட்டோமேட்டிக்காகப் பேனலை மறைக்கிற வசதியை நான் வைப்பதில்லை. பழகியவருக்குச் சரி. புதிதாக உட்காருபவருக்கு மெனு எங்கே போனது என்ற பயம் வரும்.

ஐட்டம்ஸ் பகுதியில் தேவையில்லாததை நீக்குங்கள். விண்டோ பட்டன்ஸ் உருப்படியின் உள்ளே போய் குரூப்பிங்கை நெவர் ஆக்குங்கள், திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலும் தனியாகத் தெரியட்டும். மெனுவுக்கு மிண்ட்டில் விஸ்கர் மெனு வரும், அதன் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் ஐகான் அளவைப் பெரிதாக்கி, தினம் வேண்டிய ஐந்தாறு மென்பொருளை மட்டும் ஃபேவரிட்ஸில் வைத்தால் போதும்.

இந்தக் கரைக்கென்றே நான் விரும்பிச் சேர்ப்பது ஒன்று உண்டு: வெதர் உருப்படி. மண்டபத்துக்கு அட்சரேகை 9.28, தீர்க்கரேகை 79.12 என்று கொடுத்து, காற்றின் வேகத்தை நாட் அளவில், திசையோடு காட்டச் சொல்லலாம். நார்வே வானிலை நிறுவனத்தின் தரவை எடுத்துக் காட்டுகிறது. மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் வாடைக் காற்று ஏறுகிறதா என்று ஒரு பார்வையில் பார்த்துக்கொள்வார். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதற்கு மீன்வளத்துறையும் வானிலை மையமும் கொடுக்கிற எச்சரிக்கைதான் கணக்கு, பேனலில் தெரிகிற எண் அல்ல.

தீம்

புதியவர்கள் குழம்பும் இடம் இது. எக்ஸ்எஃப்சிஇயில் தீம் என்பது ஒன்றல்ல. ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் பட்டன், மெனு, பட்டியல் எல்லாவற்றின் தோற்றம் அப்பியரன்ஸில் ஸ்டைல் பகுதியில் மாறும். ஜன்னலின் டைட்டில் பாரும் ஓரமும் விண்டோ மேனேஜர் என்ற வேறொரு இடத்தில் மாறும். ஒன்றை மட்டும் மாற்றினால் தலை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம் என்று நிற்கும். இரண்டிலும் ஒரே குடும்பத்துத் தீமாக எடுங்கள், மிண்ட்-ஒய் என்றால் இரண்டிலும் மிண்ட்-ஒய்.

கடல் பக்கம் வாசல் உள்ள கடைக்கு வெளிர் தீம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. கறுப்பு ஸ்கிரீன் பகல் வெளிச்சத்தைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும், வெளிர்ப் பின்னணியில் கறுத்த எழுத்து அந்த வெளிச்சத்திலும் படிக்க வரும். இரவில் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் மிண்ட்-ஒய்-டார்க் வைத்துக்கொள்ளட்டும், கண்ணுக்கு இதமாக இருக்கும்.

வெளியிலிருந்து தீம் இறக்கினால் அது பெரும்பாலும் சுருக்கிய ஒற்றை ஃபைலாக வரும். அதைப் பிரித்து, ஹோம் ஃபோல்டரில் புள்ளி வைத்துத் தொடங்கும் தீம்ஸ் என்ற ஃபோல்டருக்குள் போடுங்கள், இல்லையென்றால் நீங்களே ஆங்கிலத்தில் அந்தப் பெயரில் ஒன்று உருவாக்கலாம். ஐகானுக்கும் அதே மாதிரி புள்ளி வைத்த ஐகான்ஸ். பிரித்ததும் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் இருந்தால் உள்ளே இருப்பதைத்தான் போடவேண்டும், பட்டியலில் தீம் வரவில்லை என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தீமோடு நிறுவல் ஸ்கிரிப்ட் ஒன்று வந்து அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் விட்டுவிடுங்கள், தோற்றத்தை மாற்ற அந்தப் பாஸ்வேர்டு தேவையே இல்லை.

எல்லாம் மாற்றியும் சில மென்பொருள்கள் தனியே நிற்கும். க்னோம் என்ற வேறொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பின் புதிய மென்பொருள்கள் லிப்அட்வைட்டா என்ற நூலகத்தில் எழுதப்பட்டவை, நம் தீமை அவை எடுத்துக்கொள்ளாது, அது உங்கள் பிழை இல்லை. விஎல்சி மாதிரி க்யூடி என்ற வேறொரு நூலகத்தில் எழுதியவற்றுக்கு க்யூடி5சிடி என்ற சின்னக் கருவி இருக்கிறது. ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதி வடிவில் நிறுவியவற்றுக்குத் தீமையும் ஃபிளாட்பேக்காகவே நிறுவவேண்டியிருக்கும். ஒன்றிரண்டு மென்பொருளுக்காக இதில் இறங்குவது வீண் வேலை என்பது என் கருத்து.

விண்டோ மேனேஜரில் தீம் எடுக்கும்போது மூடுகிற பட்டனின் அளவைப் பாருங்கள். இணையத்தில் புகழ்பெற்ற தீம்கள் பலவற்றில் அது ஒரு சின்னப் புள்ளி. கீழக்கரையில் ஒரு ஜவுளிக்கடைக் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) தன் மகன் வைத்துக் கொடுத்த தீமைக் காட்டி, "நல்லாத்தான் இருக்கு தம்பி, எங்க தொட்டா மூடும்?" என்று கேட்டார். டிஃபால்ட்-எச்டிபிஐ என்று ஒரு தீம் கூடவே வரும், பட்டன் பெரிது, ஓரமும் பிடிக்க வாகாக இருக்கும், பெரியவர்களுக்கு அதைத்தான் வைக்கிறேன். நிறத்தில் உள்ளே இருக்கிற மிண்ட்-ஒய்யோடு கொஞ்சம் ஒட்டாது, இருந்தாலும் கைக்கு எட்டுகிற பட்டன் முக்கியம்.

ஐகானும் ஃபோல்டரும்

மிண்ட்-ஒய் ஐகான்களே நல்லவை. மாற்றவேண்டுமென்றால் பாப்பிரஸ் என்ற ஐகான் தொகுப்பு, சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும், நிறுவி அப்பியரன்ஸில் ஐகான்ஸ் பகுதியில் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

அதைவிடப் பயனுள்ளது துனார் ஃபைல் மேனேஜரில் 4.18இல் வந்த ஹைலைட் வசதி. ஒரு ஃபோல்டர் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஹைலைட் பகுதியில் பின்னணி நிறமும் எழுத்து நிறமும் கொடுக்கலாம். ஒரு மீன் கம்பெனியில் இறால், நண்டு, கணவாய், டீசல், பங்குக் கணக்கு என்று ஃபோல்டர்கள். டீசலுக்கு மஞ்சள், பங்குக் கணக்குக்கு இளஞ்சிவப்பு, மற்றதெல்லாம் வெள்ளை என்று வைத்தோம். ஏலம் முடிந்து கூட்டமாக வந்து நிற்கிற நேரத்தில் பெயரைப் படிக்கவேண்டாம், நிறத்தைப் பார்த்தே கை போகிறது. எல்லாவற்றுக்கும் நிறம் கொடுத்தால் ஒன்றுக்கும் பயனில்லை, இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள்.

படம்

இங்கே படத்துக்குப் பஞ்சமில்லை. அரியமான் கரை, அரிச்சல்முனை, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் தூக்குப் பாலம். யாரோ எடுத்த பனிமலையை வைப்பதற்கு உங்கள் கைப்பேசியில் நீங்கள் எடுத்ததையே வையுங்கள். எடுக்கும்போது கைப்பேசியைப் படுக்க வைத்து எடுங்கள், ஐகான்கள் வரப்போகிற பக்கம் வானமோ ஆழ்நீல நீரோ இருக்கட்டும். வெள்ளை மணலும் நுரையும் ஐகான் பெயர்களை விழுங்கிவிடும், பெயர் வெள்ளை எழுத்தில் வருவதால்.

டெஸ்க்டாப்பில் வலது கிளிக், டெஸ்க்டாப் செட்டிங்ஸ், ஃபோல்டரைக் காட்டி, ஸ்டைலில் ஜூம்ட் வையுங்கள், ஸ்ட்ரெச்ட் வைத்தால் படகு நீண்டுபோகும். படத்தை முன்கூட்டியே ஸ்கிரீன் அளவுக்குச் சுருக்கிக்கொண்டால் ரேம் குறைந்த சிஸ்டத்துக்கு நல்லது. ஐகான்ஸ் பகுதியில் டிராஷ், ஃபைல் சிஸ்டம் போன்றவற்றை எடுத்துவிடலாம்.

வேகம்

ஜன்னல் நிழல், ஒளி ஊடுருவல் எல்லாம் கம்பாசிட்டர் செய்கிற வேலை. இரண்டு ஜிபி சிஸ்டத்தில் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் திறந்து கம்பாசிட்டர் பகுதியில் அதை அணைத்துப் பாருங்கள். நிழல் போய்விடும், ஜன்னல் சட்டென்று திறக்கும். வீடியோவில் குறுக்காகக் கிழிசல் கோடு தெரிந்தால் மட்டும் திரும்பப் போடுங்கள்.

லாகின் ஸ்கிரீன்

மெனுவில் லாகின் விண்டோ என்று தேடினால் பின்னணியும் தீமும் மாற்றலாம், இதற்கு அட்மின் பாஸ்வேர்டு கேட்பது நியாயம்தான். இங்கே வைக்கிற படம் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கக்கூடாது. லாகின் ஆகும் முன் அந்த ஃபோல்டரைத் திறந்து படிக்க லாகின் ஸ்கிரீனுக்கு அனுமதி இருக்காது, வெறும் நிறம்தான் வரும். ஃபைல் சிஸ்டம், யூஎஸ்ஆர், ஷேர், பேக்ரவுண்ட்ஸ் என்ற ஃபோல்டரை அட்மினாகத் திறந்து படத்தை அங்கே போட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

பேனல் காணாமல் போனால்

யாராவது ஐட்டம்ஸை நீக்கிவிட்டார்கள், அல்லது பேனலே இல்லை. ஆல்ட்டும் எஃப்2வும் அழுத்துங்கள், சின்னப் பெட்டி வரும். அதில் எக்ஸ், எஃப், சி, இ, 4, ஒரு சிறு கோடு, பேனல் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் இடைவெளி விடாமல் அடித்து என்டர். பேனல் வந்ததும் வலது கிளிக், பேனல் பிரிஃபரன்சஸ், பேக்கப் அண்ட் ரீஸ்டோர், முதலில் சேமித்த "பழசு" என்பதைத் தேர்ந்தெடுத்து அப்ளை. எல்லாம் முடித்த பின் இருக்கிற புதிய அமைப்பையும் அங்கேயே இன்னொரு பெயரில் சேமித்து, எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கடைக்குப் போகும்போது பேனல் வேலை அந்த ஒரு ஃபைலில் முடிந்துவிடும், எழுத்தின் அளவை மட்டும் அங்கே உட்காருகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.